வீடு எங்கே, வேர் அங்கே

மலாக்கா நகரின் பழைய பகுதியில் ஜாலான் துக்காங் எமாஸ் என்னும் தெரு இருக்கிறது. ‘பொற்கொல்லர் தெரு’ என்பது அப்பெயரின் பொருள். கம்போங் கிளிங் பள்ளிவாசல் இருக்கும் அதே தெருவில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலும் இருக்கிறது. டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் 1781ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட இக்கோயில், மலேசியாவின் மிகப் பழமையான இந்துக் கோயில்களுள் ஒன்று.

இந்தக் கோயிலுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. இது மலாக்கா செட்டிகள் என்னும் சமூகத்துக்குச் சொந்தமானது. ஆனால், இதை நிருவகித்து வருபவர்கள் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். பெயர்கள் ஒன்றுபோல் ஒலித்தாலும் இவை இரண்டும் வெவ்வேறு சமூகங்கள். இரண்டுமே இந்தியாவிலிருந்து கடல் கடந்து வணிகம் செய்ய வந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஒரு சமூகத்தார் வீட்டில் மலாய் பேசுகிறார்கள். மற்றச் சமூகத்தார் தமிழ் பேசுகிறார்கள். ஒரு சமூகத்தின் உழைப்பும் உடைமையும் மலாக்காவிலேயே தங்கின. மற்றச் சமூகத்தின் செல்வம் செட்டிநாட்டில் மாளிகைகளாக எழுந்தது.

ஏன் இந்த வேறுபாடு? அவர்கள் வந்த காலம் வேறு. இங்கிருந்த ஆட்சி வேறு. இவை எளிதில் தோன்றும் காரணங்கள். இன்னொரு காரணத்தை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்கள் யாரை மணந்தார்கள்? எந்தக் கரையில் இல்லம் அமைத்தார்கள்? மாணவர்களே, இந்த இரண்டு கேள்விகளோடு அவர்களின் கதையைப் படித்துப் பார்ப்போம்.

காற்று மாறும்வரை

பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா உலகின் பெரிய துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர்கள் துணிகளைக் கொண்டுவந்தார்கள். மாலுக்குத் தீவுகளின் கிராம்பு, பண்டாவின் சாதிக்காய், திமோரின் சந்தனம், சுமத்ராவின் தங்கம் ஆகியவற்றை வாங்கிச் சென்றார்கள். போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றினர். அதற்கு அடுத்த சில ஆண்டுகள் அங்கே தங்கியிருந்த தோமே பிரெஸ் என்பவர், அத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்தார். வணிகர்களைக் கவனிக்க ஷாபந்தர் என்னும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர் என்றும், தமிழகக் கரையிலிருந்து வந்தவர்கள் அவர்களுள் ஒருவரின் பொறுப்பில் இருந்தார்கள் என்றும் அவருடைய குறிப்பிலிருந்து அறிகிறோம்.

அக்காலக் கப்பல்கள் பாய்மரக் கப்பல்கள். பருவக்காற்று எந்தத் திசையில் வீசுகிறதோ அந்தத் திசையில்தான் அவை ஓடும். மலாக்காவுக்கு வந்த வணிகர் உடனே ஊர் திரும்ப முடியாது. காற்று மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தங்குவதற்கு இடம் வேண்டும். சரக்கை வைக்கக் கிடங்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் நிலவரம் அறிந்த, நம்பிக்கையான ஒருவர் வேண்டும்.

அந்த நம்பிக்கையைப் பலர் திருமணத்தின் வழியே பெற்றார்கள். மலாய், ஜாவானிய, பத்தாக், சீனப் பெண்களை அவர்கள் மணந்துகொண்டார்கள். தென்கிழக்காசியாவில் அந்நாளில் சந்தை வணிகம் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தது. எந்தப் பொருளுக்கு எப்போது விலை ஏறும், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கணவர் கப்பலேறிச் சென்ற மாதங்களில் மீதிச் சரக்கை விற்றுப் பணமாக்கி வைத்திருக்கவும் அவர்களால் முடியும். வெளியூர் வணிகரை மணந்த உள்ளூர்ப் பெண் அவருக்கு மனைவியாக இருந்ததோடு மொழிபெயர்ப்பாளராகவும் தொழில் கூட்டாளியாகவும் இருந்தார்.

ஆகவே, அந்த வணிகரின் வீடு மலாக்காவில் அமைந்தது. பிள்ளைகள் அங்கே பிறந்தார்கள். தாய் பேசிய மலாய்மொழியைப் பேசியே வளர்ந்தார்கள். தந்தை வழிபட்ட தெய்வங்களை வணங்கினார்கள். பின்னர், ஆட்சிகள் மாறின. 1641இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள். வணிகத்தைத் தங்கள் பிடிக்குள் வைத்துக்கொள்ள அவர்கள் விரும்பியதால், மற்ற வணிகர்களின் வாய்ப்புகள் சுருங்கின. மலாக்கா செட்டிகள் துறைமுகத்தை விட்டு நகரின் ஓரத்துக்கு நகர்ந்தார்கள். நிலத்தைப் பயிரிட்டார்கள், பிற்காலத்தில் அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் பணியாற்றினார்கள். வணிகம் தளர்ந்தபோதும் அவர்கள் கடல் கடந்து திரும்பவில்லை. அவர்களுடைய தாய்மாரின் ஊர் இதுதான். அவர்களுடைய வீடும் இதுதான்.

இன்றும் காஜா பேராங் பகுதியிலுள்ள கம்போங் செட்டியில் அவர்களின் வீடுகளைக் காணலாம். பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் அணிவது அவர்களின் மரபு. சமையலில் மலாய், சீன, இந்தியச் சுவைகள் கலந்திருக்கும். போகிப் பண்டிகையன்று, ‘பார்ச்சு’ என்னும் சடங்கில், வாழையிலையில் உணவு வகைகளைப் பரிமாறி முன்னோர்க்குப் படைக்கிறார்கள். மறுநாள் பொங்கல் வைக்கிறார்கள். இலையில் நாசி லெமாக்கும் இருக்கும். வாசலில் தோரணமும் தொங்கும். அவர்கள் பேசும் மலாய்மொழியில் ஆங்காங்கே தமிழ்ச் சொற்கள் எஞ்சியிருக்கின்றன. ஆனால், தமிழில் உரையாடும் வழக்கம் பல தலைமுறைகளுக்கு முன்பே நின்றுவிட்டது.

ஆச்சி காத்த வீடு

நகரத்தாரின் கதை வேறு திசையில் சென்றது. அவர்களின் சொந்த ஊர்கள் இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டில் இருக்கின்றன. 1820களில் அவர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வரத் தொடங்கினர். சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட்டில் அவர்களின் கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்பது பணியிடமும் தங்குமிடமும் சேர்ந்த நீண்ட கூடம். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு இடம். அதில் ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேசை. பகலில் தரையில் அமர்ந்து கணக்கு எழுதுவார்கள். இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுப்பார்கள். ரப்பர்த் தோட்டம் போட்டவர், ஈயச் சுரங்கம் வைத்தவர், சிறு கடை நடத்தியவர் எனப் பலரும் அவர்களிடம் கடன் வாங்கினார்கள். தேங்க் ரோட்டிலுள்ள தெண்டாயுதபாணி கோயிலை அவர்கள் 1859இல் கட்டினார்கள். தைப்பூசத்தன்று காவடிகள் சென்றடையும் அந்தக் கோயிலை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

கிட்டங்கியில் பெண்கள் வசிக்கவில்லை. தொழிலைக் கவனிக்க வந்தவர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கு வந்தார். புறப்படுமுன் சம்பளத்தையும் பொறுப்பையும் குறித்துச் சீட்டு எழுதப்பட்டது. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் குடும்பத்துக்குக் கிடைத்தது. தவணை முடிந்தபின் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார். சில காலம் குடும்பத்தோடு இருந்துவிட்டு மீண்டும் கப்பலேறினார். ஒரு சிலர் வந்த நாடுகளிலும் குடும்பம் அமைத்துக்கொண்டதுண்டு. ஆயினும், செட்டிநாட்டுப் பெண்ணை மணப்பது, அந்தப் பெண் செட்டிநாட்டிலேயே வாழ்வது என்பதே பொதுவான வழக்கமாக இருந்தது.

நகரத்தார் ஒன்பது கோயில்களைச் சார்ந்த பிரிவினர். ஒரே கோயிற்பிரிவுக்குள் பெண் எடுப்பது பொதுவாக வழக்கமில்லை. திருமணத்தின்போது மணமக்களின் கோயில்களிலிருந்து மாலை வரும். இருவீட்டாரின் சம்மதத்தையும் ‘இசைகுடிமானம்’ என்னும் ஆவணமாக எழுதுவார்கள். மணமான தம்பதியரை ஒரு ‘புள்ளி’ என்று கணக்கிட்டு, அதன்படி கோயிலுக்குரிய வரியை வாங்குவார்கள். இப்படி, ஒவ்வொரு திருமணமும் முறையாகப் பதிவானது. யார் யாருக்கு உறவு என்பது ஊர் முழுவதற்கும் தெரிந்திருந்தது.

இதற்கும் வணிகத்துக்கும் என்ன தொடர்பு? முன்பின் தெரியாத ஒருவருக்குப் பெரிய தொகையைக் கொடுக்க யாரும் தயங்குவர். சம்பந்தி வீட்டாருக்குக் கொடுக்கத் தயக்கம் குறைவு. ஏமாற்றினால் பணத்தோடு உறவும் கெடும். வருங்காலத்தில் தம் பிள்ளைகளுக்குப் பெண் கிடைப்பதும் கடினமாகும். அந்த அச்சமும் அன்பும் சேர்ந்தே ஒருவரின் வாக்குக்கு ஈடாக நின்றன. இரங்கூன் நகரத்தார் கோயிலில் மாதந்தோறும் கூடி, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான ‘நடப்பு வட்டி’யை முடிவு செய்தார்கள். வழிபட்ட இடத்திலேயே வணிகமும் பேச முடிந்ததற்கு இந்த உறவு வலைதான் காரணம்.

பெண்களின் பங்கு அதோடு முடியவில்லை. மணப்பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைப் பெண்ணின் பெயரிலேயே தொழிலில் வைப்புத்தொகையாகப் போடும் வழக்கம் இருந்தது. நகரத்தார் பெண்களை ‘ஆச்சி’ என்று மரியாதையாக அழைப்பார்கள். அதனால் இது ‘ஆச்சிமார் பணம்’ எனப்பட்டது. அந்தப் பணம் வட்டியோடு வளர்ந்தது. பர்மாவில் நெல் விளைந்ததற்கும் மலாயாவில் ரப்பர் வளர்ந்ததற்கும் கொடுக்கப்பட்ட கடனில், கடலையே பார்த்திராத பெண்களின் பணமும் கலந்திருந்தது.

ஊரில் வீட்டைக் கட்டிக் காத்தவர்களும் அவர்களே. பிள்ளைகளை வளர்த்தார்கள், மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்டார்கள், சீரும் செய்முறையும் தவறாமல் நடத்தினார்கள், வரவுசெலவைக் கவனித்தார்கள். கடல் கடந்து ஈட்டிய பணம் அவர்கள் இருந்த இடத்துக்கே வந்தது. பர்மாத் தேக்கில் தூண்கள் நின்றன. இத்தாலிய சலவைக்கல் தரையில் பதிந்தது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் ஆகிய ஊர்களில் இன்று நாம் வியந்து பார்க்கும் மாளிகைகள் இவ்வாறு எழுந்தவைதான். மொழியும் அப்படியே காக்கப்பட்டது. தாயும் பிள்ளைகளும் தமிழ்நாட்டிலேயே இருந்ததால், எத்தனை தலைமுறைகள் கடல் கடந்து பொருள் ஈட்டினாலும் தமிழ் அவர்களை விட்டுப் போகவில்லை.

இரண்டு வழிகளுக்கும் விலை உண்டு

இதைக் கேட்டதும், நகரத்தாரின் வழியே சிறந்தது என்று உங்களுக்குத் தோன்றலாம். சற்றுப் பொறுங்கள். அந்த வழிக்கு அவர்கள் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும்.

ஒருவர் ஐந்து தவணைகள் வெளிநாடு சென்றார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து முறை மூன்றாண்டுகள் என்றால் 15 ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து, நடந்து, பேசி, பள்ளிக்குச் சென்று, உங்கள் வயதை எட்டும் காலம் அது. அந்தக் காலம் முழுவதும் தந்தை வீட்டில் இல்லை. பிள்ளை காய்ச்சலில் படுத்தாலும், பெற்றோர் மறைந்தாலும், செய்தி கடிதமாகவோ தந்தியாகவோதான் போய்ச் சேரும். அழகிய தேக்குத் தூண்கள் நின்ற வீட்டில், அவற்றை அனுப்பியவர் பல ஆண்டுகள் விருந்தாளியைப் போல வந்து போனார்.

தொழில் ஓரிடத்திலும் இல்லம் ஓரிடத்திலும் இருந்ததால் வேறோர் ஆபத்தும் இருந்தது. 1930களில் உலகெங்கும் பொருளியல் மந்தம் ஏற்பட்டது. பர்மாவில் நெல்விலை சரிந்தது. விவசாயிகளால் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அடமானமாக வைத்த நிலங்கள் கடன் கொடுத்தவர்களிடம் சேர்ந்தன. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காட்டு நிலம் நகரத்தாரிடம் இருந்தது. 1937இல் அது 25 விழுக்காடானது. அவர்கள் நிலத்தை விரும்பி வரவில்லை. பணமாகத் திரும்பப் பெறவே விரும்பினார்கள். நிலத்தை இழந்த விவசாயிகளின் பக்கம் நின்று பார்த்தால் இது இன்னும் கசப்பானது. தலைமுறைகளாக உழுத மண் வேறொரு நாட்டில் வீடு உள்ளவர்களின் கைக்குப் போய்விட்டதே என்று அவர்கள் மனம் வெந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் படையெடுத்ததும் இந்தியர் பலர் பர்மாவை விட்டு ஓடினர். 1948இல் பர்மா விடுதலை அடைந்தபின் நிலங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அந்த இழப்பில் ஆச்சிமார் பணமும் அடங்கும்.

மலாக்கா செட்டிகள் வேறொரு விலையைக் கொடுத்தார்கள். அவர்கள் குடும்பத்தை விட்டுப் பிரியவில்லை. வந்த நாட்டைச் சொந்த நாடாக்கிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்தாரோடு உறவினர் ஆனார்கள். ஆனால், முன்னோர் பேசிய மொழி அவர்களின் நாவிலிருந்து நழுவியது. இதில் யாரையும் குறைசொல்ல இடமில்லை. தாய் பேசும் மொழியைப் பிள்ளை பேசுவது இயல்பு. மொழி போனபின்பும் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இறைவழிபாட்டையும் பொங்கலையும் காத்துவந்த உறுதியை நாம் மதிக்க வேண்டும். 2018இல் சிங்கப்பூரின் இந்திய மரபுடைமை நிலையத்தில் இச்சமூகத்தைப் பற்றிய கண்காட்சி நடந்தபோது, தங்கள் அண்டை வீட்டாரின் இந்த வரலாற்றைப் பலர் முதன்முறையாக அறிந்துகொண்டார்கள்.

இல்லம் கடல் கடந்தது

போருக்குப் பிறகு நகரத்தாரின் வாழ்விலும் மாற்றம் வந்தது. 1950களில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடிநுழைவு விதிகள் கடுமையாயின. மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்து போகும் பழைய முறையைத் தொடர்வது கடினமானது. இங்கேயே இருப்பதா, ஊருக்கே திரும்புவதா என்று ஒவ்வொரு குடும்பமும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. திரும்பியவர்களும் உண்டு. இருக்க முடிவெடுத்தவர்கள் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டார்கள். ஆண்கள் மட்டுமே தங்கிய கிட்டங்கியை விட்டுக் குடும்பங்கள் வீடுகளில் குடியேறின. பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில் சேர்ந்தார்கள். வளர்ந்தபின் ஆசிரியர்களாக, மருத்துவர்களாக, வழக்கறிஞர்களாகப் பணிபுரிந்தார்கள்.

அதன்பின் சேமிப்பு எங்கே போயிற்று? இங்குள்ள வீட்டுக்கும் இங்குள்ள பிள்ளைகளின் படிப்புக்கும் போயிற்று. செட்டிநாட்டு மாளிகைகள் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. திருமணம் போன்ற பெரிய நிகழ்ச்சிகளுக்கு மட்டும் திறக்கப்படுகின்றன. இல்லம் இடம் மாறியதும் செல்வமும் அதன் பின்னாலேயே வந்துவிட்டது. முன்பு மலாக்கா செட்டிகளின் வாழ்வில் நடந்தது நகரத்தாரின் வாழ்விலும் நடந்தது. ஒரு வேறுபாடு மட்டும் இருந்தது. இங்கு வந்த தாய்மார் தமிழ் பேசினார்கள். இங்கே தமிழ்ப் பள்ளிகளும் தமிழ்ப் பாடமும் இருந்தன. அதனால், வேர் இங்கே ஊன்றியபோதும் தமிழ் உடன் நின்றது.

நம் வீட்டைப் பார்ப்போம்

மாணவர்களே, நம்மில் பலருடைய வீடுகளிலும் இந்தக் கதையின் ஏதோ ஒரு பகுதி இருக்கும். பாட்டி திருமணமாகி முதன்முதலாகக் கப்பலேறி வந்திருக்கலாம். அம்மா தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மணமாகி இங்கு வந்திருக்கலாம். அப்பா மாதந்தோறும் ஊரிலுள்ள தாத்தாவுக்குப் பணம் அனுப்பலாம். பெற்றோருள் ஒருவர் வேற்று மொழி பேசுபவராகவும் இருக்கலாம். இன்று விமானம் சில மணி நேரத்தில் கடலைக் கடக்கிறது. கைப்பேசித் திரையில் பாட்டியின் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறது. கிட்டங்கியில் படுத்திருந்தவருக்குக் கிடைக்காத வாய்ப்பு இது.

ஆகவே, அந்த இரு சமூகங்களும் கொடுத்த விலையை நாமும் கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. பிறந்த நாட்டில் வேரூன்றலாம். மொழியையும் விடாமல் வைத்திருக்கலாம். ஆனால், அது தானாக நடக்காது. இல்லத்தில் எந்த மொழி ஒலிக்கிறது, உறவுகளை யார் பேணுகிறார்கள், உழைப்பில் கண்ணுக்குத் தெரியாத பங்கு யாருடையது என்பதைப் பொறுத்தே அது அமையும். வணிகர்களின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. துறைமுகத்தில் சரக்கை விற்றுவைத்த பெண்ணின் பெயரும், வைப்புத்தொகையைத் தொழிலுக்குத் தந்த ஆச்சியின் பெயரும் பெரும்பாலும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் பாட்டியிடமோ அம்மாவிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: “நம்ம குடும்பம் இங்கே வந்தப்போ வீட்டை யார் நடத்தினாங்க?” விடை தமிழில் வந்தாலும் வேறு மொழியில் வந்தாலும் பொறுமையாகக் கேட்டு, தமிழில் எழுதி வையுங்கள்.

சிந்தித்து விடையளிக்க

1. பாய்மரக் கப்பலில் வந்த வணிகர் உள்ளூர்ப் பெண்ணை மணந்ததால் பெற்ற நன்மைகள் யாவை?

2. நகரத்தாரின் வணிகத்துக்குத் திருமண உறவு எவ்வாறு துணைபுரிந்தது? இரண்டு கருத்துகளை விளக்குக.

3. “இரண்டு வழிகளுக்கும் விலை உண்டு” என்று ஆசிரியர் கூறுவது ஏன்? இதை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் தருக.

4. பர்மாவில் நிலத்தை இழந்த விவசாயி, பணத்தை இழந்த ஆச்சி ஆகிய இருவருள் ஒருவராக உங்களைக் கற்பனை செய்து, உறவினருக்கு ஒரு கடிதம் எழுதுக.

5. உங்கள் குடும்பம் இந்நாட்டில் வேரூன்றிய கதையைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, வகுப்பில் இரண்டு நிமிடம் பேசுக.